ஒரு சின்னப் பெயரிங்குக்காக இரண்டு தரம் இறக்கிய கியர்பொக்ஸ்

நேற்றுப் பின்னேரம்தான் லொறி கராஜை விட்டு வெளியே வந்தது. 11 நாள். கிளச் மாற்ற இரண்டு நாள் போதும் என்று நம்பித்தான் உள்ளே விட்டேன்.

சீனக்குடாவில் சிமெந்து ஏற்றிக்கொண்டு போகையில், கந்தளாய் தாண்டி ஒரு சின்ன ஏற்றம். என்ஜின் கத்துகிறது, லொறி நகரவில்லை. பின்னாலேயே அந்தக் கருகல் மணம். கிளச் சறுக்குகிறது என்பதில் சந்தேகமே இல்லை. கியரைக் குறைத்து உருட்டிக்கொண்டே போய்ச் சிமெந்தை இறக்கிவிட்டு, வெறும் லொறியோடு திரும்பினேன்.

முதல் முட்டாள்தனம் என்னுடையது. கியர்பொக்ஸை இறக்கும் முன்பே சாமான் கையில் இருந்தால் நேரம் மிச்சம் என்று இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போனேன். வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் லொறியின் மொடலையும் வருடத்தையும் சொன்னதும் கடைக்காரர் யோசிக்காமல் ஒரு கிளச் பிளேட்டை எடுத்துத் தந்தார். வந்து பழையதைக் கழற்றி இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் வட்டம் அச்சொட்டாகப் பொருந்துகிறது. நடு ஓட்டையில் பழையதற்கு 10 பல், புதியதற்கு 14. மறுபடி 260 கிலோமீற்றர், இந்தத் தரம் பழைய பிளேட்டைச் சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு. கண்டக்டர் அந்தச் சாக்கைப் பார்த்த பார்வை இருக்கிறதே! கடைக்காரர் முகம் சுளிக்காமல் மாற்றித் தந்தார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பழைய பிளேட் கையில் இல்லாமல் கிளச் வாங்கப் போகாதீர்கள்.

கிளச் பிளேட் ஒட்டிச் சுற்றும் என்ஜின் சக்கரமான ஃபிளைவீலில் நீலப் புள்ளிகளும் மயிரிழை வெடிப்புகளும் இருந்ததால் லேத்துக்குக் கொடுத்து முகத்தைச் சீவி எடுத்தோம். அதன் நடுவில் இருந்துகொண்டு, கிளச்சில் இருந்து கியர்பொக்ஸுக்குச் சுற்றலைக் கொண்டுபோகும் இன்புட் ஷாஃப்டின் நுனியைத் தாங்கும் பைலட் பெயரிங்கை மாற்றுவோமா என்று கேட்டேன். கராஜ் மெக்கானிக் பாஸ் ஏற்கெனவே சுற்றிப் பார்த்திருந்தார். “நல்லாத்தானே இருக்கு, ஏன் வீண் செலவு?” என்றார். நானும் தலையாட்டினேன். பிரஷர் பிளேட், கிளச் பிளேட், ரிலீஸ் பெயரிங் எல்லாம் புதிது. அது மட்டும் பழையது.

பூட்டி முடித்து ஸ்டார்ட் பண்ணி, கிளச்சை அடியோடு மிதித்து ரிவர்ஸ் போட்டேன். கர்ர்ர். பத்து விநாடி பொறுத்துப் போட்டாலும் அதே சத்தம். என்ஜினை நிறுத்தினால் எல்லாக் கியரும் வெண்ணெய் மாதிரி விழுகிறது.

கிளச் எண்ணெய் லைனில் எயார் இருக்கிறது என்றார் பாஸ். மூன்று தரம் எயார் எடுத்தோம். பிறகு பெடலை மிதிக்கும்போது அந்த எண்ணெயைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் பழுது என்றார், அதையும் மாற்றினோம். ரிவர்ஸ் மட்டும் மசியவில்லை. நான்கு நாள் இப்படியே போனது.

கடைசியில் கிண்ணியாவில் இருந்து தன் லொறிக்கு வேலை செய்ய வந்திருந்த ஒரு நானாதான் வழி காட்டினார். “தம்பி, மிதிச்சது போதும். கீழ போய்ப் பாருங்க” என்று சொல்லி, கிளச் ஃபோர்க்கைத் தள்ளும் ராடில் சோக்கால் ஒரு கோடு போட்டார். நான் மிதிக்க, அது எவ்வளவு தூரம் நகருகிறது என்று அளந்தார். அவருடைய லொறியும் அதே மொடல். அதிலும் அளந்தோம். இரண்டிலும் ஒரே அளவு. “கால் பலம் முழுசா வந்து சேருது. பிழை உள்ளுக்கு.” ஐந்து நிமிட வேலை. இதை முதல் நாளே செய்திருந்தால் மாஸ்டர் சிலிண்டர் காசாவது மிஞ்சியிருக்கும்.

கியர்பொக்ஸ் மறுபடி இறங்கியது. நானா பைலட் பெயரிங்குக்குள் விரலை விட்டுச் சும்மா சுற்றினார், சுற்றியது. ஒரு பக்கமாக அழுத்திக்கொண்டு சுற்றினார், கொரகொரவென்று பிடித்தது. ஃபிளைவீலை லேத்துக்கு அனுப்பும்போது பெயரிங்கைக் கழற்றவில்லை. கிழிந்த சீல் வழியாக இரும்புத் தூள் உள்ளே போயிருக்கிறது. அதற்குமேல் பெட்ரோல் ஊற்றிக் கழுவியதில் இருந்த கிறீஸும் போய்விட்டது. கிளச் ஒழுங்காகத்தான் விடுகிறது. ஆனால் பிடித்துக்கொண்ட பெயரிங் இன்புட் ஷாஃப்டையும் கூடவே இழுத்துச் சுற்றுகிறது. ஷாஃப்ட் நிற்காமல் ரிவர்ஸ் எப்படி விழும்?

திரும்பப் பூட்டும்போது நானா பக்கத்திலேயே நின்றார். புதுப் பிரஷர் பிளேட்டின் முகத்தில் துருப்பிடிக்காமல் பூசி வரும் எண்ணெயை நாங்கள் சரியாகத் துடைக்கவே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. பிளேட்டை நடுவுக்குக் கொண்டுவர ஒரு பழைய இன்புட் ஷாஃப்டைச் செருகினார். போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கச் சொன்னார். முதல் தரம் போல்ட் தேடிய நேரத்தில் கியர்பொக்ஸ் ஷாஃப்டிலேயே தொங்கியது என்று சொன்னதும் முறைத்தார். அந்தப் பாரத்துக்குப் பிளேட் நெளிந்துவிடுமாம். சுற்றிப் பார்த்தோம், தப்பியிருந்தது. இந்தத் தரம் இரண்டு நீள ஸ்டட்டைப் பூட்டி, அதன் வழியாகத் தள்ளி ஏற்றினோம்.

ரிவர்ஸ் சத்தமே இல்லாமல் விழுந்தது. நம்பாமல் நான்கு தரம் போட்டுப் பார்த்தேன்.

இரண்டாம் தரம் இறக்கியதற்கும் பாஸ் முழுக் கூலி கேட்டார். அரை மணித்தியாலம் வாய்த்தர்க்கம். கடைசியில் பாதி கொடுத்தேன். நானும் தலையாட்டியவன்தானே. நானாவுக்குக் காசு நீட்டினால் வாங்கவில்லை, பிளேன்டீ மட்டும் குடித்துவிட்டுப் போனார்.