நாற்காலியை நிமிர்த்திவிட்டுப் பேசுங்கள்

பல் மருத்துவக் கல்லூரியில் பயிற்சி மருத்துவர்களுக்கு நான் எடுக்கும் வகுப்புகளில், கெட்ட செய்தியை நோயாளியிடம் சொல்லப் பழக்கும் வகுப்புக்குத்தான் மாணவர்கள் அரைமனதோடு வருகிறார்கள். அது புற்றுநோய் மருத்துவரின் வேலை என்பது அவர்கள் எண்ணம். ஆனால் புகையிலையும் பாக்கும் மெல்பவர்கள் மிகுந்த நம் ஊரில், கன்னத்தின் உட்புறத்தில் ஆறாமல் கிடக்கும் புண்ணைப் பல நேரங்களில் முதலில் பார்ப்பவரும், அதிலிருந்து சதைத் துணுக்கை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புபவரும் பல் மருத்துவர்தான். முடிவைக் கேட்க நோயாளி திரும்பி வருவதும் அவரிடமே.

வால்டர் பெய்ல், ராபர்ட் பக்மன் முதலியோர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘ஸ்பைக்ஸ்’ என்னும் ஆறு படி முறையையே நானும் கற்பிக்கிறேன். தகுந்த இடத்தை அமைப்பது, நோயாளி அறிந்திருப்பதையும் அறிய விரும்புவதையும் கேட்பது, செய்தியைச் சொல்வது, அவருடைய உணர்ச்சிக்கு இடம் கொடுப்பது, அடுத்து ஆக வேண்டியதைப் பேசுவது என்று அது போகிறது. எங்களுக்கு முதல் படியே தடுக்கிறது. முகத்தில் விளக்கு அடிக்க, வாயில் உறிஞ்சுகுழாயோடு மல்லாந்து கிடப்பவரிடம் எதைக் கேட்டாலும் ‘ஆ’ என்றுதான் பதில் வரும். ஆகவே விளக்கை அணைத்து, நாற்காலியை நிமிர்த்தி, முகக்கவசத்தைக் கழற்றி, அவர் கண்மட்டத்துக்கு உட்கார்ந்த பிறகே பேச்சைத் தொடங்கச் சொல்கிறேன்.

ஒத்திகையில் ஒரு மாணவி நோயாளியாக நடித்தாள். எதிரில் இருந்தவன், “ரிசல்ட் நாம நெனச்ச மாதிரி வரலைங்க, இது புற்றுநோய்தான்” என்று சரியாகவே சொன்னான். ஆனால் மூச்சுவிடாமல் அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு என்று அடுக்கிக்கொண்டே போனான். காதில் விழுந்தது என்ன என்று அவளைக் கேட்டேன். “புற்றுநோய்ங்கிறது மட்டும்தான் சார்.” அன்றிலிருந்து, அந்தச் சொல்லுக்குப் பிறகு மனத்துக்குள் பத்து எண்ணச் சொல்கிறேன். பெரும்பாலோர் நான்கைத் தாண்டுவதில்லை. கை தானாகப் பேனாவைத் தேடுகிறது. வேறு சிலர் ‘கட்டி’ என்று சொல்லி நழுவப் பார்ப்பார்கள். அதைக் கேட்ட நோயாளி மாத்திரையில் கரையுமா என்பார்.

“அப்பாகிட்ட சொல்லிடாதீங்க டாக்டர்” என்று வாசலில் மகன் கையைப் பிடிக்கும்போது என்ன செய்வது என்பதற்கு என்னிடம் சூத்திரம் இல்லை. சதை எடுக்கும் நாளிலேயே, “முடிவை உங்ககிட்டயே சொல்லட்டுமா, கூட யாராவது இருக்கணுமா?” என்று நோயாளியையே கேட்டு, பதிலைக் குறித்து வைக்கச் சொல்கிறேன். எங்கள் கேஸ் ஷீட்டில் சொத்தைப் பல்லுக்கும் விழுந்த பல்லுக்கும் கட்டங்கள் உண்டு, இதற்கு இல்லை; மாணவர்கள் ஓரத்தில் எழுதுகிறார்கள்.