சரியான பதில்தான்

விமானத்தில் அந்தப் பயணியின் கைகளைக் கட்டச் சொன்னதில் எனக்கு இன்றும் தயக்கம் இல்லை. பணிப்பெண்ணைப் பிடித்து இழுத்தான். அவர் கையை உதறியதும் முகத்தில் அறைந்தான். விமானத்தில் நடக்கும் குற்றங்கள் பற்றிய 1963ஆம் ஆண்டின் டோக்கியோ உடன்படிக்கை இப்படிப்பட்டவரைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தைத் தலைமை விமானிக்குத் தருகிறது. பயணிகளின் உதவியையும் கேட்கலாம். கேட்டேன், இருவர் வந்தார்கள்.

தரையிறங்கியதும் ஏறிவந்த காவல் அதிகாரி, என்ன நடந்தது என்று கேட்கவில்லை. "விமானம் எந்த நாட்டில் பதிவானது?" என்று கேட்டார். நாங்கள் ஓட்டியது குத்தகை விமானம். பதிவு மூன்றாவது ஒரு நாட்டில். எங்களில் எவரும் அங்கே கால் வைத்ததில்லை. அடித்தவன் ஒரு நாட்டவன், அடிபட்டவர் வேறு நாட்டவர். "எங்கள் ஆட்கள் யாருமே இதில் இல்லையே, கேப்டன்" என்றார். வெளிநாட்டுப் பதிவு விமானத்தில், வானில் நடந்த அடிதடியை அவர் நாட்டுச் சட்டம் தொடவில்லை. உடன்படிக்கை அவர் கையைக் கட்டவில்லை. அவர்கள் சட்டத்தில்தான் இடமில்லை. அவர்மேல் கோபப்படவும் முடியவில்லை.

உடன்படிக்கையின் ஒன்பதாம் பிரிவின்படி அவனை எழுதி ஒப்படைத்தேன். பதிவு நாட்டின் குற்றவியல் சட்டப்படி இது கடுமையான குற்றம் என்று நான் கருத வேண்டுமாம். அந்த நாட்டுச் சட்டத்தை நான் எங்கே படித்தேன்? ஒப்படைத்தவனை அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள், விசாரித்தார்கள், விட்டுவிட்டார்கள். பதிவு நாடு அவனைக் கேட்டிருக்கலாம். கேட்டாலும் அனுப்பியே தீர வேண்டும் என்று உடன்படிக்கை சொல்லவில்லை. கேட்கவும் இல்லை.

அன்று அந்தப் பெண் என்னிடம் கேட்டார்: "அப்படியானால் நான் எந்த நாட்டில் அடி வாங்கினேன், கேப்டன்?"

"பதிவு நாட்டில்" என்றேன்.

சட்டப்படி அதுதான் பதில். தேர்வில் எழுதினால் முழு மதிப்பெண். தெரியாது என்று சொல்லியிருந்தால் பொய்யாகியிருக்கும். ஆனால் அவர் கேட்டது அதைத்தானா? புகாரை யாரிடம் கொடுப்பது என்பதைத்தான் அப்படிக் கேட்டார் என்று சில நாட்களில் தோன்றுகிறது. வேறு நாட்களில், பணிக்களைப்பில் இருந்தவரிடம் அதற்குமேல் என்ன சொல்லியிருக்க முடியும் என்றும் தோன்றுகிறது. நிறுவனம் பார்த்துக்கொள்ளும் என்றும் சொன்னேன். அதை நம்பித்தான் சொன்னேன்.

இந்த ஓட்டை பழையது. 1948இல் சான் ஹுவானிலிருந்து நியூயார்க் சென்ற விமானத்தில் போதையில் இருந்த கோர்டோவா என்ற பயணி விமானியைக் கடித்தார், பணிப்பெண்ணை அடித்தார். அடித்தது உண்மை என்று நீதிபதி கண்டும், கடலுக்கு மேலே பறந்த விமானத்தில் நடந்ததைத் தண்டிக்கச் சட்டம் இடம்தரவில்லை என்று 1950இல் அவரை விட்டுவிட்டார். அமெரிக்கா பிறகு சட்டத்தைத் திருத்தியது. உலக அளவில் பதிவு நாட்டுக்குக் கட்டாய அதிகாரம் தந்தது டோக்கியோ. 2014இல் மாண்ட்ரியாலில் ஒரு திருத்த நெறிமுறை எழுதப்பட்டு, 2020 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. தரையிறங்கும் நாடும், குத்தகைக்கு எடுத்து இயக்குபவரின் நாடும் இனி வழக்கு நடத்தலாம். ஆனால் ஒப்புக்கொண்ட நாடுகளை மட்டுமே அது கட்டுப்படுத்தும்.

எனக்கு உறுத்துவது பத்தாம் பிரிவு. உடன்படிக்கைப்படி நான் எடுத்த நடவடிக்கைக்காக எந்த வழக்கிலும் என்னைப் பொறுப்பாக்க முடியாது. கட்டப்பட்டவன் மிரட்டியபோது அந்தப் பிரிவை நினைத்து நிம்மதியாகத்தான் இருந்தேன். அடிபட்டவருக்கு அதே உடன்படிக்கையில் அவ்வளவு தெளிவாக எழுதிய வரி எதுவும் இல்லை.

இப்போது பறப்பதற்கு முன், விமானத்தின் பதிவு நாட்டைக் காட்டும் எழுத்தைக் கவனித்துப் பார்க்கிறேன். துணை விமானிகள் சிரிப்பார்கள். வழியில் எந்த நாடு அந்தத் திருத்த நெறிமுறையை ஒப்புக்கொண்டது என்று தெரிந்திருந்தால், வழக்கு நிற்கும் என்பதற்காக மட்டும் விமானத்தை அங்கே திருப்புவேனா? எரிபொருள், இணைப்பு விமானத்தைத் தவறவிடும் பயணிகள், பணி நேர வரம்பு, எல்லாவற்றையும் கூட்டிக் கழித்தால், திருப்பமாட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.