மாணா: பத்ரிக்கு அப்பால் மூன்று கிலோமீட்டர்

பத்ரிநாத்தில் தப்த குண்டம் என்ற வெந்நீர் ஊற்றில் நீராடி, பத்ரிநாராயணரைச் சேவித்த கையோடு ஷேர் ஜீப் பிடித்து, திபெத் எல்லையை ஒட்டிய மாணா கிராமத்துக்கு ஓடி, அரை மணியில் திரும்பிவிடுகிறவர்களே அதிகம். அந்த ஊருக்கு ஒரு காலைப் பொழுதாவது ஒதுக்க வேண்டும்.

சுமார் 3,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது மாணா. பத்ரிக்குப் போகும் வழியில் உள்ள ஜோஷிமட் 1,900 மீட்டருக்குள்தான். அங்கிருந்து ஒரே நாளில் ஏறி வந்து, அன்றே மாணாவின் படிகளிலும் ஏறினால் தலைவலியும் குமட்டலும் வரும். ஜோஷிமட்டைத்தான் திருமங்கையாழ்வார் பாடிய திருப்பிரிதி திவ்யதேசம் என்கிறார்கள். அங்கே ஓர் இரவு தங்கி நரசிம்மரைச் சேவித்துவிட்டுக் கிளம்பினால் உடம்பும் உயரத்துக்குப் பழகும்.

ஊருக்குள் முதலில் கணேச குகை, அதற்கு மேலே வியாச குகை. வியாசர் சொல்ல விநாயகர் பாரதம் எழுதிய இடம் என்பது ஐதீகம். பிறகு பீம்புல் என்ற பீமன் பாலத்துக்கு இறங்கலாம். ஒரே பாறை பாலமாகக் கிடக்க, அடியில் சரஸ்வதி நதி இரைந்து பாய்கிறாள். சற்றுக் கீழே கேசவப் பிரயாகையில் அலக்நந்தாவோடு கலந்துவிடுகிறாள். சாரலில் பாறை வழுக்கும்; படம் எடுக்க விளிம்புக்குப் போக வேண்டாம்.

இங்குள்ளவர்கள் போட்டியா இனத்தின் மார்ச்சா பிரிவினர். 5,600 மீட்டருக்கும் உயரமான மாணா கணவாயைத் தாண்டித் திபெத்துக்குத் தானியம் கொண்டுபோய், உப்பும் கம்பளியும் கொண்டுவந்தவர்கள். 1962 போரோடு அது நின்றது. தறி மட்டும் நிற்கவில்லை. நவம்பரில் நடை சாத்தும் நாளில் பெருமாளுக்கு நெய் பூசிச் சாத்தும் கம்பளி, மாணாப் பெண்கள் நெய்து தருவது. நடை திறக்கும்போது அதைக் களைந்து பிரசாதமாகத் தருவார்கள். குளிர்காலத்தில் ஊரே கோபேஷ்வர் பக்கம் இறங்கிவிடும். புரட்டாசியை ஒட்டி வரும் வாமன துவாதசியில் போனால் மாதாமூர்த்தி திருவிழாவையும் பார்க்கலாம். பத்ரியிலிருந்து கண்ணனின் தோழரான உத்தவரின் மூர்த்தி எழுந்தருளி, பெருமாளின் தாயாரைக் காண வரும் நாள் அது.

வசுதாரா அருவிக்குப் பீம்புல்லிலிருந்து 5 கிலோமீட்டர். ஜீப் கிடையாது, நடைதான். காலை ஏழுக்குள் கிளம்புங்கள். மதியத்துக்கு மேல் காற்றும் மேகமும் சூழ்ந்துவிடும். வழியில் கடையை நம்ப முடியாது. ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், மழைக்கோட்டு, கொஞ்சம் வெல்லமோ கடலை மிட்டாயோ வைத்துக்கொள்ளுங்கள். மூச்சு வாங்கினால் நின்று நிதானித்துப் போகலாம். தலைச்சுற்றல் விடாவிட்டால் திரும்பிவிட வேண்டியதுதான்.