கண்ணையும் காதையும் நம்பும் விளையாட்டுகள்

16 நவம்பர் 2025, ஞாயிறு

தாம்பரத்திலிருந்து அண்ணன் மகள் வந்திருந்தாள். முதல்நபர்ப் பார்வையில், அதாவது நாமே அங்கு நின்று காண்பதுபோல், அமைந்த கணினிப் புதிர்ச் சாகச விளையாட்டுகளில் எனக்குள்ள ஈடுபாடு அவளுக்குத் தெரியும். “சண்டையும் இல்ல, ஓட்டமும் இல்ல, அப்படி என்னதான் சித்தப்பா இருக்கு அதுல?” என்று கேட்டாள். நான் விளக்கம் சொல்லாமல் ‘மிஸ்ட்’ விளையாட்டைத் திறந்து கொடுத்தேன். ராண்ட் மில்லர், ராபின் மில்லர் என்ற சகோதரர்கள் உருவாக்கி 1993இல் வெளிவந்த அந்த விளையாட்டில், ஆளரவமற்ற ஒரு தீவில் நாம் நிற்கிறோம். நமக்குப் பெயரில்லை, முகமில்லை, துரத்தும் எதிரியும் இல்லை. வழியில் கிடக்கும் கடிதம்கூட நமக்கு எழுதியதன்று, கேத்தரின் என்ற பெண்ணுக்கு எழுதியது. பிறருடைய கடிதத்தைப் படித்துவிட்டோம் என்ற அந்தக் கூச்சத்திலேயே கதைக்குள் நுழைந்துவிடுகிறோம்.

19 நவம்பர், புதன்

அவள் கேட்ட கேள்வி அலுவலகத்திலும் மனத்தில் ஓடிக்கொண்டிருந்தது. பிற விளையாட்டுகளில் நாயகனின் வலிமை வளரும், ஆயுதம் மாறும். இங்கே வளர்வது விளையாடுபவரின் அறிவு ஒன்றுதான். ‘மிஸ்ட்’ கதையை முடித்துவைக்கும் அறையைத் திறக்கும் குறியீடு தொடக்கத்திலிருந்தே வேலை செய்யும் என்பதால், அதை அறிந்தவர் சில நிமிடங்களிலேயே விளையாட்டை முடித்துவிடலாம். நம்மைத் தடுத்து நிறுத்துவது நம் அறியாமை மட்டுமே.

1997இல் ஐந்து குறுந்தகடுகளில் வந்த ‘ரிவன்’ என்ற அதன் அடுத்த பாகம் இதை இன்னும் ஆழமாகச் செய்தது. அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் குழந்தைகளுக்கான எந்திரப் பொம்மை ஒன்று இருக்கிறது. அதை இயக்கினால் ஒரு குறி தோன்றும். தொங்கிக்கொண்டிருக்கும் மனித உருவம், கீழே வாய் பிளந்து காத்திருக்கும் கடல் விலங்கை நோக்கி அந்தக் குறிக்குரிய எண்ணிக்கையில் படிப்படியாக இறங்கும். எண்ணிப் பார்த்தால் குறியின் மதிப்பு விளங்கிவிடும். பொம்மை பத்தோடு நின்றுவிடுகிறது. ஆனால் ஒன்றின் குறியைப் பக்கவாட்டில் திருப்பினால் ஐந்து, இரண்டின் குறியைத் திருப்பினால் பத்து என்ற ஒழுங்கைக் கண்டுகொண்டவர், மேலுள்ள எண்களைத் தாமே அமைத்துக்கொள்ளலாம். அதோடு, அந்நாட்டை ஆள்பவன் மக்களை அவ்விலங்குக்கு இரையாக்குகிறான் என்பதும், அங்குள்ள பிள்ளைகள் எண்ணையும் அச்சத்தையும் ஒரே பாடமாகக் கற்கிறார்கள் என்பதும் அதே பொம்மையிலிருந்து புரிகிறது. புதிரும் கதையும் இவ்வளவு இறுகப் பிணைந்த இன்னோர் இடத்தை நான் கண்டதில்லை.

23 நவம்பர், ஞாயிறு

மீண்டும் வந்தாள், இம்முறை தானாகவே ஹெட்போனைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். ‘மிஸ்ட்’ விளையாட்டின் சுரங்கப்பாதையில் எத்திசையில் திரும்ப வேண்டும் என்பதை ஒலிகளே சொல்லும். அந்த ஒலிகளின் பொருளையோ, அதே விளையாட்டில் சுழலும் கோட்டை உள்ள வேறோர் உலகில் கற்றுக்கொள்ள வேண்டும். “சொல்லிடாதீங்க சித்தப்பா!” என்று கையை உயர்த்தித் தடுத்தாள். அந்தத் தடுப்பில்தான் இவ்வகை விளையாட்டின் ஈர்ப்பு முழுவதும் இருக்கிறது என்பேன்.

மாலையில் ஜோனதன் புளோ உருவாக்கிய ‘தி விட்னஸ்’ (2016) விளையாட்டைச் சற்றுக் காட்டினேன். கோடு வரைந்து விடை காணும் புதிர்ப் பலகைகள் ஐந்நூறுக்கு மேல் இருந்தும், விதிகளை விளக்க ஒரு சொல்கூட இல்லை. எளிய பலகை அடுத்த பலகைக்கு ஆசிரியராகிறது. பழத்தோட்டத்தில், எதிரேயுள்ள மரத்தின் எந்தக் கிளையில் பழம் இருக்கிறதோ அந்தக் கிளையின் வழியே கோட்டை இழுக்க வேண்டும். முதல்நபர்ப் பார்வை இங்கே இன்றியமையாததாகிறது: எங்கே நிற்கிறோம், எதை உற்றுப் பார்க்கிறோம் என்பதே விடையில் பாதி.

26 நவம்பர், புதன்

திரையில் அம்புக்குறியிட்டு வழிகாட்டும் புதிய வழக்கம் எனக்கு உடன்பாடானதன்று. கண்டுபிடிக்கும் இன்பத்தை அது விளையாடுபவரிடமிருந்து பறித்துக்கொள்கிறது. அவளுக்கு அடுத்ததாக ‘அவுட்டர் வைல்ட்ஸ்’ (2019) கொடுக்கலாம் என்றிருக்கிறேன். அதில் 22 நிமிடங்களுக்கு ஒருமுறை சூரியன் வெடித்து அனைத்தும் முதலிலிருந்து தொடங்கும். கண்டறிந்த செய்திகள் மட்டும் விண்கலத்தின் குறிப்பேட்டில் எஞ்சியிருக்கும். அதைக்கூட அவளிடம் முன்கூட்டிச் சொல்லப்போவதில்லை.