ஐசியூ வேண்டாம் என்றார் அத்தை

ஜூன் 11, புதன்

மருத்துவர் இன்று சுற்றிவளைக்கவில்லை. சினைப்பையில் ஆரம்பித்த புற்றுநோய் நுரையீரல் உறை வரைக்கும் வந்துவிட்டது. நீரை ஊசி போட்டு எடுக்க எடுக்கத் திரும்பக் கோத்துக்கொள்கிறது. மூச்சு இன்னும் திணறினால் ஐசியூவில் வைத்துக் குழாய் போடுவதா, வேண்டாமா என்று கேட்டார். என்னிடமோ பெரியப்பாவிடமோ இல்லை, அத்தையிடமே கேட்டார்.

"போட்டா அப்புறம் எடுத்துடுவீங்களா?"

"எடுக்கிற நிலைமை வர்றது கஷ்டம்மா."

"அப்ப எதுக்கு?"

தபால் ஆபீஸ் கவுண்டரில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். தாளை ஒரு வரி விடாமல் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். பெரியப்பா வராந்தாவில் என்னிடம் கத்தினார், காசுக்குப் பார்க்கிறோமா என்று. நான் ஒன்றும் சொல்லவில்லை. 2021 மே மாதம் அப்பாவை ஐசியூவுக்குள் அனுப்பிவிட்டு வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோமே, அதை அவர் மறந்திருக்க முடியாது. உள்ளே போனவரைச் சுற்றிக் கட்டித்தான் கொடுத்தார்கள். இது கொரோனா காலம் இல்லைதான். இருந்தாலும் இங்கே ஐசியூ என்றால் காலையும் மாலையும் கொஞ்ச நேரம், அதுவும் ஒரே ஒருவர். வார்டில் என்றால் அத்தையின் காலைப் பிடித்துக்கொண்டே ராத்திரி முழுக்க உட்காரலாம்.

ஜூன் 12, வியாழன்

மார்பின் ஆரம்பித்தார்கள். நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை, சின்ன அளவில். கூடவே மலச்சிக்கலுக்கு ஒரு மருந்து. மார்பின் கொடுத்தால் அதையும் சேர்த்தே கொடுக்க வேண்டுமாம். "போதை மருந்தைக் கொடுத்து முடிச்சிடப் போறாங்க" என்றார் பெரியப்பா. நர்ஸ் அவரை உட்காரவைத்து, இது உயிரை எடுக்கிற அளவு இல்லை, மூச்சுக்கு முட்டுகிற அந்தத் தவிப்பைக் குறைக்கிற அளவு என்று பொறுமையாகச் சொன்னார். மதியம் அத்தை தூங்கினார், வாயைத் திறந்து, குறட்டையோடு. வலியில் முனகாமல் அவர் தூங்கிப் பார்த்து எத்தனை நாளாயிற்று.

போன மாதம் இந்த மாத்திரைக்காகக் கும்பகோணத்தில் கடை கடையாக அலைந்தேன். எங்கேயும் இல்லை. 1985 போதைப்பொருள் சட்டத்துக்குப் பயந்தே யாரும் இருப்பு வைப்பதில்லை. 2014-ல் திருத்தம் வந்து உரிம நடைமுறையை எளிதாக்கியும் அந்தப் பயம் போகவில்லை. வலியில் துடிக்கிறவருக்குச் சட்டத் திருத்தத்தால் என்ன பயன், மாத்திரை கைக்கு வராவிட்டால்?

ஜூன் 13, வெள்ளி

இன்று நன்றாகப் பேசினார். பேசினார் என்ன, உத்தரவு போட்டார். அஞ்சலக சேமிப்புக் கணக்கில் நாமினி யார், கேஸ் புத்தகம் எங்கே, நகைச்சீட்டு அரிசி டின்னுக்கு அடியில். "பெரியப்பாகிட்ட சண்டை போடாதே, அவனுக்குப் பயம்." அப்புறம் கண்.

"கேன்சர்காரி கண்ணை எடுத்துப்பாங்களா, கேட்டுச் சொல்லு."

கேட்டேன். ரத்தப் புற்றுநோய் மாதிரி சிலதுக்குத்தான் கூடாதாம், இதற்குத் தடையில்லை. வயதும் கண்ணாடியும் பிரச்சினையே இல்லை. சொன்னதும் அத்தைக்கு அப்படி ஒரு திருப்தி. தலை வாரிவிடச் சொன்னார். முடி இப்போதுதான் குட்டையாக முளைத்திருக்கிறது, சீப்பு நிற்கவில்லை. சும்மா வாரினேன்.

"நீங்க என்னை வளர்த்ததுக்கு..." என்று ஆரம்பித்தேன்.

"போதும்டி, ஊசி போட வர்றாங்க பாரு" என்றார்.

ஜூன் 15, ஞாயிறு

நேற்றிலிருந்து கண் திறக்கவில்லை. ஊரே வந்துவிட்டது. ஆளுக்கொரு ஸ்பூன் பால் ஊற்ற வேண்டும் என்று சித்தி டம்ளரோடு நிற்கிறார். விழுங்குவது நின்றுவிட்டது, ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும் என்று நர்ஸ் தடுத்தார். அழுகை, வாக்குவாதம். கடைசியில் பஞ்சுக் குச்சியைப் பாலில் நனைத்து உதட்டைத் துடைக்கலாம் என்று முடிவானது. எல்லோரும் வரிசையில் வந்து துடைத்தார்கள்.

மண்ணாசையில் உயிர் இழுத்துக்கொண்டிருக்கிறது என்று பெரியப்பா வயல் மண்ணைப் பொட்டலம் கட்டிக்கொண்டு வந்தார். அத்தைக்கு ஏது மண்ணாசை? இருந்ததெல்லாம் பன்னீர் சோடா ஆசைதான். மண்ணைத் தலையணைக்கு அடியில் வைக்கச் சொல்லிவிட்டு, கீழே போய் ஒரு பாட்டில் வாங்கி வந்தேன். சோடாவில் நனைத்த பஞ்சு பட்டதும் உதடு குவிந்தது, உறிஞ்சுகிற மாதிரி. பெரியப்பாவும் பார்த்தார். "இன்னொரு தடவை வை" என்றார்.

ராத்திரி தொண்டையில் களகளவென்று சத்தம். ஒருக்களித்துப் படுக்கவைத்து ஓர் ஊசி போட்டார்கள். அவருக்கு இது தெரியாதும்மா, கேட்கிற உங்களுக்குத்தான் கஷ்டம் என்றார் நர்ஸ். முழங்காலில் நீலத் திட்டுகள். மூச்சு நின்று நின்று வருகிறது.

ஜூன் 16, திங்கள்

விடியற்காலை 4.20. பெரியப்பா ஒரு கையைப் பிடித்திருந்தார், நான் இன்னொன்றை. அடுத்த மூச்சு வரும் என்று காத்திருந்தோம்.

ஃபேனை நிறுத்தி, இமைகளை மூடி, மேலே ஈரப்பஞ்சு வைத்து, தலையை உயர்த்தி வைத்தேன். ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். கண் வங்கிக்காரர்கள் ஏழு மணிக்கே வந்துவிட்டார்கள். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. முகத்தில் வித்தியாசமே தெரியவில்லை என்று சித்தி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஜூன் 17, செவ்வாய்

காலையில் பால் தெளிப்பு முடிந்தது. பென்ஷன் ஆபீஸுக்குக் கடிதம் எழுத வேண்டும். மாதிரியை அத்தையே எழுதி வைத்திருக்கிறார், தேதியை மட்டும் காலியாக விட்டு. வீட்டுக்கென்று கொடுத்த மார்பின் பட்டை ஒன்று மிச்சம் இருக்கிறது. அதை வீட்டில் வைத்திருக்கக் கூடாது, நாளைக்கு ஆஸ்பத்திரியில் திருப்பிக் கொடுக்க வேண்டும். பெரியப்பா தானும் வருகிறேன் என்கிறார், அந்த நர்ஸைப் பார்க்க வேண்டுமாம்.