சுகோத்காவை விட்டுப் போனவர்கள் யார்?

ரஷ்யாவின் வடகிழக்குக் கடைக்கோடியில் உள்ளது சுகோத்கா; பெரிங் நீரிணையைக் கடந்தால் அலாஸ்கா. 1989-ஆம் ஆண்டின் சோவியத் கணக்கெடுப்பில் இங்கு 1,63,934 பேர் இருந்தார்கள். 2002-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் எஞ்சியவர்கள் 53,824 பேர்தான். போரோ பஞ்சமோ கொள்ளைநோயோ இல்லாமல், பதின்மூன்றே ஆண்டுகளில் மூன்றில் இரண்டு பங்கு மக்கள் இல்லாமற்போனார்கள்.

இந்த இரண்டு எண்களை மட்டும் பார்ப்பவர், குளிரும் மாதக்கணக்கான இருளும் மக்களை விரட்டிவிட்டன என்றே முடிவுகட்டுவார். இனவாரிப் பட்டியலோ வேறு கதை சொல்கிறது. துந்திரா எனும் மரங்களற்ற உறைநிலத்தில் கலைமான் மேய்த்தும், கரையோரங்களில் வால்ரஸ் வேட்டையாடியும் வாழ்ந்துவந்த சுக்சி மக்கள் 1989-இல் ஏறத்தாழ 12,000 பேர்; 2010-இல் 12,700-ஐச் சற்றே தாண்டியிருந்தார்கள். மொத்தத்தில் 7 விழுக்காடாக இருந்த அவர்களது பங்கு கால்வாசியாக உயர்ந்ததற்கு, அவர்கள் பெருகியதைக் காட்டிலும் மற்றவர்கள் கிளம்பிப் போனதே காரணம். ஆகவே, சுகோத்கா வெறிச்சோடியது என்று எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை. வந்தவர்கள் திரும்பினார்கள் என்பதே பொருத்தம்.

வந்தவர்களுள் முதல் அலையினர் விரும்பி வந்தவர்கள் அல்லர். எக்வெகினோத் துறைமுகத்திலிருந்து இயுல்தின் வரை செல்லும் ஏறத்தாழ 200 கிலோமீட்டர்ச் சாலையை 1940-களில் அமைத்தவர்கள் குலாக் எனப்பட்ட சோவியத் கட்டாய உழைப்பு முகாம்களின் கைதிகள். இயுல்தினில் வெள்ளீயமும் டங்ஸ்டனும் கிடைத்தன என்பதுதான் அத்தனைக்கும் காரணம். ஸ்டாலினுக்குப் பின் வந்தவர்களை இழுத்தது சம்பளம்: வடக்குப் பகுதிக்கென ஊதியத்தைப் பெருக்கித் தரும் விகிதம், பணியாண்டுகள் கூடக்கூட ஏறும் படி, முன்கூட்டியே ஓய்வூதியம். சில ஆண்டுகள் உழைத்துச் சேமித்து, தெற்கே ஒரு வீடு வாங்கிக் குடியேறலாம் என்ற கணக்கோடு வந்த பொறியாளர்களும் ஆசிரியர்களும் சுரங்கத் தொழிலாளர்களும், 1992-இல் விலைக்கட்டுப்பாடு தளர்ந்து பணவீக்கம் தலைவிரித்தாடியபோது, அந்தச் சேமிப்பு கண்ணெதிரே கரைவதைப் பார்த்தார்கள். 1990-களின் நடுவில் இயுல்தின் சுரங்கம் மூடப்பட்டது, ஊரும் கைவிடப்பட்டது. அடுக்குமாடிக் கட்டடங்கள் இன்றும் அங்கே நிற்கின்றன.

ஆனால் சுகோத்காவில் ஊர்கள் மறையத் தொடங்கியது அப்போதல்ல. இதை எழுதுவோர் பலரும் சோவியத் வீழ்ச்சியிலிருந்தே தொடங்குவது எனக்கு எப்போதும் உறுத்தலாக இருக்கும். ஆசியாவின் கிழக்கு முனையான தெஜ்னியோவ் முனையருகே, கடலை நோக்கிச் சரியும் செங்குத்தான மலைச்சரிவில் இருந்தது நவுகான் என்ற ஊர்; அங்கே வாழ்ந்தவர்கள் யூபிக் என்னும் பழங்குடி மக்கள். கல்லடுக்கிய வீடுகள்; கீழே திமிங்கிலங்களும் வால்ரஸ்களும் கடந்துபோகும் நீரிணை; எதிர்க்கரையில் அமெரிக்கா. 1958-இல் அரசு அந்த ஊரை மூடிவிட்டு, மக்களை நூன்யாமோ, லாவ்ரெந்தியா, உவேலென் முதலிய இடங்களுக்குப் பிரித்து அனுப்பியது. நூன்யாமோவும் 1977-இல் மூடப்பட்டதால், அங்கே போனவர்கள் இரண்டாம் முறையும் மூட்டை கட்ட நேர்ந்தது. இயுல்தினை விட்டுப் போனவர்களுக்குத் திரும்பிச் செல்ல வேறோர் ஊர் இருந்தது. நவுகான்காரர்களுக்கு அது இல்லை. ஒரே ஊராகக் கூடி வாழ்ந்தவர்கள் சிதறியதால், அவர்களது மொழியைப் பேசுவோரும் இன்று மிகச் சிலராகிவிட்டனர்.

2021 கணக்கெடுப்பில் சுகோத்காவின் மக்கள்தொகை 47,490. பரப்பு 7,21,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல் என்பதால், தலைக்கு 15 சதுர கிலோமீட்டர் நிலம். கால்வாசிக்கும் மேற்பட்டோர் தலைநகரான அனாதிரில் வாழ்கிறார்கள். அந்நகரின் விமான நிலையமோ கழிமுகத்துக்கு அப்பால் இருக்கிறது. கோடையில் படகிலும், கடுங்குளிர்காலத்தில் உறைந்த நீரின்மேல் போடப்படும் பனிச்சாலையிலும், பனி இறுகாமலும் உருகி முடியாமலும் இருக்கும் இடைப்பட்ட வாரங்களில் ஹெலிகாப்டரிலும்தான் அதை அடைய வேண்டும். 2000 முதல் 2008 வரை ஆளுநராக இருந்த செல்வந்தர் ரோமன் அப்ரமோவிச் தம் பணத்தையும் கொட்டி நகரைப் புதுப்பித்தார்.

சுரங்கத்தொழில் மட்டும் ஓயவில்லை. 2008-இல் தொடங்கிய கூப்போல் தங்கச் சுரங்கத்தின் தொழிலாளர்கள் விமானத்தில் வந்து, முறைவேலை முடிந்ததும் விமானத்திலேயே ஊர் திரும்புகிறார்கள். பள்ளியும் கடைத்தெருவும் கொண்ட நகரம் ஒன்று அங்கே எழவில்லை. இயுல்தின் பட்ட பாட்டைப் பார்த்தபின், இந்த ஏற்பாடு மேல் என்றே நினைக்கிறேன். கூப்போலின் தாது தீரும் நாளில் காலிசெய்வதற்கு ஒரு விடுதிதான் இருக்கும்.