28 குழியில் 19: தோட்டாப் பலகை, இப்போதைய நிலை

துப்பாக்கித் தோட்டாக்களை அலங்காரமாகப் பதித்து மாட்டும் என் பலகை இன்னும் முடியவில்லை. 28 குழி போட்டதில் 19 தான் நிரம்பியிருக்கிறது. ஆனால் மூன்று மாதமாக உயிரை வாங்கிய மரத் தோட்டாவின் அடி விளிம்பு போன ஞாயிற்றுக்கிழமை சரியாக வந்துவிட்டது, அதனால் பாதி வேலையிலேயே எழுதுகிறேன்.

எலி (Eley), கைனாக் (Kynoch) என்ற பிரிட்டிஷ் தோட்டாக் கம்பெனிகள் அந்தக் காலத்தில் கடைகளுக்குக் கொடுத்த பலகைகளைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். நடுவில் கம்பெனி பெயர், சுற்றிலும் சூரியக் கதிர் மாதிரி தோட்டாக்கள். எனக்கு அதேபோல ஒன்று வேண்டும், அதில் நம்ம ஊர்ச் சரக்கோடு யாரும் பார்த்திராத விசித்திரங்களும் இருக்க வேண்டும். ஆசை இவ்வளவுதான். சட்டம் குறுக்கே வந்தது பிறகுதான்.

ஆரம்பம் பெரியப்பாவின் டிரங்குப் பெட்டி. மலையடிவாரத் தோப்பில் பன்றி விரட்ட லைசென்ஸோடு இரட்டைக்குழல் வைத்திருந்தார். அவர் போனதும் துப்பாக்கியை முறைப்படி ஒப்படைத்துவிட்டார்கள், பெட்டியை மட்டும் யாரும் திறக்கவில்லை. உள்ளே 17 தோட்டாக்கள். பெரும்பாலானவற்றின் பித்தளை அடியில் 'கே.எஃப்.' முத்திரை, அதாவது 1869 முதல் இருக்கும் புனே கட்கி தொழிற்சாலைச் சரக்கு. மூன்று மட்டும் எலி கம்பெனியின் பழைய காகிதக் குழாய்த் தோட்டாக்கள். எல்லாம் காலி என்று நினைத்துத் துடைக்க உட்கார்ந்தேன். 17இல் மூன்று காலி இல்லை.

அதில் ஒன்று என்னை நன்றாக ஏமாற்றியது. கேப்பில், அதாவது துப்பாக்கியின் ஊசி குத்தித் தீப்பொறி கிளப்பும் அடிப் பொட்டில், ஊசி குத்திய பள்ளம் இருந்தது. பள்ளம் இருந்தால் சுட்டது என்றுதான் நானும் இத்தனை நாள் நம்பியிருந்தேன். அது வெடிக்காமல் போன தோட்டா. வாயில் வட்ட அட்டை மூடி அப்படியே இருக்க, கையில் எடுத்தால் ஈய ரவையின் (உள்ளே அடைத்த சின்னக் குண்டுகளின்) கனம் தெரிந்தது. சேகரிப்பவர்கள் தயவுசெய்து கேப்பை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள், வாயையும் பாருங்கள். நானே வெடிமருந்தைக் கொட்டிக் காலியாக்கிவிடலாமே என்று மச்சான் ஒருவர் யோசனை சொன்னார். முடியாது என்றேன். எத்தனை வருஷத்து மருந்தோ, எத்தனை வருஷத்துக் கேப்போ.

வக்கீல் மாமாவிடம் ஓடினேன். அவர் 1959 ஆயுதச் சட்டத்தைப் பிரித்து முதலில் காட்டியது பிரிவு 21. வைத்திருப்பது எந்தக் காரணத்தால் சட்டப்படி செல்லாமல் போனாலும் வீண் தாமதம் இல்லாமல் காவல் நிலையத்திலோ லைசென்ஸ் உள்ள வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும். லைசென்ஸ் பெரியப்பாவோடு போய்விட்டது. ஆகவே மூன்றும் மறுநாளே போயின, எழுத்தில் கொடுத்து கையெழுத்தும் வாங்கிக்கொண்டேன். எஸ்.ஜி. என்று ரவையின் அளவை அச்சடித்த அந்த அட்டை மூடியை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

அடுத்து காலித் தோட்டாக்கள். இங்கேதான் நான் இரண்டு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். பிரிவு 2, 'அம்யூனிஷன்' என்பதற்குள் தோட்டாவின் பாகங்களையும் சேர்க்கிறது, வெடிமருந்து அடைக்க வடிவமைத்த பொருளையும் சேர்க்கிறது. அப்படியே வாசித்தால் காலிக் கூடும் உள்ளே வந்துவிடும். மறுபக்கம் பிரிவு 45, மற்ற பாகங்களோடு சேர்த்துப் பயன்படுத்தும் எண்ணம் இல்லாத சின்னப் பாகங்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்கிறது. மாமா தொங்குவது அந்த 'எண்ணம்' என்ற சொல்லில்தான். அவர் யோசனைப்படி 14 காலிகளுக்கும் பக்கவாட்டில் துளை போட்டேன், பெரியப்பாவின் பழைய லைசென்ஸ் நகலோடு படம் எடுத்து ஒரு கோப்பில் வைத்திருக்கிறேன். துளை பலகையின் பக்கம் திரும்பியிருக்கும், வெளியே தெரியாது. துளை போடும்போது எலி காகிதக் குழாய் ஒன்று கொஞ்சம் பிரிந்தது, அது தனி சோகம்.

பழசு என்றால் விட்டுவிடுவார்கள் என்று சிலர் சொல்வார்கள். அதே பிரிவு 45 விலக்கு அளிப்பது சரிசெய்தாலும் சுட முடியாத பழங்கால ஆயுதத்துக்கு. அங்கே தோட்டா என்ற பேச்சே இல்லை. பைக்குள் கிடந்தது தெரியாது என்று விமான நிலையத்தில் மாட்டியவர்கள் நீதிமன்றத்தில் சொல்லித் தப்பியதுண்டு, தெரிந்து வைத்திருந்தால்தான் குற்றம் என்பதால். கண்ணாடி போட்டு விளக்கு மாட்டி சுவரில் தொங்கவிட்டவன் அதைச் சொல்ல முடியுமா?

பிரிட்டனில் சாதாரண ரவைத் தோட்டாவை வைத்திருக்கச் சான்றிதழே வேண்டாம், வாங்கும்போதுதான் சான்றிதழ் வேண்டும். ஐந்து ரவைக்குக் குறையாமல், ஒவ்வொன்றும் 0.36 அங்குலத்துக்கு மிகாமல் இருந்தால் போதும். பொறாமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அமெரிக்காவிலும் எல்லாம் திறந்த வீடு இல்லை. நெருப்புக் கக்கும் டிராகன்ஸ் பிரெத், எஃகு அம்புகள் அடைத்த ஃபிளெஷெட், கம்பியில் கோத்த இரு ஈயக் குண்டு உள்ள போலோ, இந்த மூன்றையும் புளோரிடாவில் விற்கக்கூடாது. எனக்குப் பலகையில் வேண்டியதோ அந்த மூன்றும்தான்! வெளிநாட்டிலிருந்து வரவழைக்கப் பிரிவு 10இன்படி இறக்குமதி லைசென்ஸ் வேண்டும். 'காலிதான் சார்' என்று சுங்கத்தில் நின்று விளக்க எனக்குத் தெம்பு இல்லை.

ஆகவே மரம். அம்பாசமுத்திரம் கடைசல் அண்ணாச்சி ஒருவரிடம் போனேன், மரத்தில் சொப்புச் சாமான் செய்பவர். காகிதத்தில் அளவு கொடுத்தேன்: 12 போர் (போர் என்பது குழல் விட்டத்தின் அளவு), நீளம் 70 மி.மீ., உடல் 20.3, விளிம்பு 22.4. "உள்ள குடையணுமா தம்பி?" என்றார். வேண்டவே வேண்டாம், கெட்டிக் கட்டையாகவே இருக்கட்டும் அண்ணாச்சி என்றேன். உள்ளே எதையும் அடைக்க முடியாத கட்டையை வெடிமருந்து அடைக்க வடிவமைத்தது என்று யாரும் சொல்ல முடியாது அல்லவா. அவருக்கு இது புரியவில்லை, வேலை மிச்சம் என்று சந்தோஷப்பட்டார்.

அரக்கு நிறம் முதல் தடவையிலேயே அற்புதமாக வந்தது. 20 போருக்கு மஞ்சள், கண்ணைப் பறிக்கிறது. சிக்கல் விளிம்பில். ஒன்றரை மி.மீ. கனத்தில் வெளியே நீட்டிக்கொண்டு நிற்க வேண்டிய உதடு, தேக்கில் உளி பட்டதும் பிய்ந்துவிடும். இரண்டு மி.மீ. ஆக்கினால் நிற்கும், ஆனால் பக்கத்தில் உண்மையான கே.எஃப். இருக்கும்போது தடித்த உதட்டோடு பொம்மையாகத் தெரியும். ஒன்பது கட்டை பாழ். அண்ணாச்சி பொறுமைசாலி, எனக்குத்தான் கூச்சமாக இருந்தது. கடைசியில் விளிம்பை மரத்தில் கடைவதையே விட்டுவிட்டோம். பித்தளை வாஷர் வாங்கி, வெளி வட்டத்தை அரத்தால் 22.4க்குக் கொண்டுவந்து, கட்டையின் அடியில் ஒரு குமிழ் விட்டு அதில் வாஷரை இறுக்கி ஒட்டினால், வாஷர் துளைக்குள் தெரியும் மரக் குமிழே கேப் மாதிரி இருக்கிறது! அதன்மேல் செம்பு நிற அரக்கு ஒரு பொட்டு. ஒரு முழ தூரத்தில் வைத்தால் எனக்கே வித்தியாசம் தெரியவில்லை. இப்படி ஐந்து முடிந்திருக்கிறது.

வாஷர் வாங்கும்போது ஒன்று கவனியுங்கள். பித்தளை முலாம் பூசிய இரும்பைத் தலையில் கட்டுகிறார்கள். ஒரு காந்தத்தைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். நான் நூறு வாங்கிவிட்டு வீட்டில் வந்துதான் பார்த்தேன்.

மீதி ஒன்பதில் ஒரு குழி 1830களின் லெஃபோஷே பின்ஃபயர் என்ற பழைய வகைத் தோட்டாவுக்கு. பக்கவாட்டில் நீட்டும் ஊசிக்கு ஆணித் துண்டு எடுத்து வைத்திருக்கிறேன். அதற்குள் 4 போர் ஆசை வேறு வந்துவிட்டது. ஒரு பவுண்டு ஈயத்தில் நான்கே குண்டு, குழலின் விட்டம் 26 மி.மீ.க்கு மேல். அதற்குக் குழியைப் பெரிதாக்க வேண்டும், பக்கத்துக் குழியோடு முட்டும். பலகையையே மாற்றலாமா என்று யோசிக்கிறேன். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.